முருங்கையைக் கீரையாக வளர்ப்பது எப்படி?

திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் முருங்கை என்றாலே காய்தான் நினைவுக்கு வரும். எல்லோருடைய காட்டிலும் (எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்போம்) ஒரே நேரத்தில் காய்த்து, விலை விழுந்து, பறிகூலிகூடக் கட்டாமல் காய் மரத்திலேயே நெற்றாகிப்போன ஆண்டுகளை நாங்கள் நிறையவே பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஓர் ஆண்டுக்குப் பிறகுதான் கிணற்றுமேட்டில் இருக்கும் அரை ஏக்கரை இலைக்கென்றே ஒதுக்கினேன். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. பச்சை இலையாகவும் நிழலில் உலர்த்திய தூளாகவும் விற்கிறேன். இதுவரை கைக்கு வந்த பாடங்களை இங்கே எழுதுகிறேன்.

காய்க்கு வளர்த்துப் பழகியவர்கள் முதலில் மனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காய்க்கு வேண்டியது மரம். இலைக்கு வேண்டியது புதர். காய்க்காரர் பூவைப் பார்த்து மகிழ்வார். இலைக்காரர் காட்டில் பூ தெரிந்தால் வெட்டு தள்ளிப்போய்விட்டது என்று பொருள். என் மாமியார் எழுத்துப் படிக்காதவர். நான் முதல் ஆண்டுச் செடிகளை வெட்ட மனம் வராமல் நின்றபோது, "முருங்கையை ஒடித்துத்தான் வளர்க்க வேண்டும் கண்ணு, பார்த்துக்கொண்டே நின்றால் கொம்பாகிப் போகும்" என்றார். பழமொழியின் அடுத்த பாதியில் பிள்ளையை அடித்து வளர்க்கச் சொல்வார்கள்; அது எனக்கு உடன்பாடில்லை. முதல் பாதி மட்டும் முழு உண்மை.

சத்தைப் பற்றியும் தொடக்கத்திலேயே ஒன்று சொல்ல வேண்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் பச்சை முருங்கை இலைக்குப் புரதம் 6.4 கிராம், கால்சியம் 314 மில்லிகிராம், வைட்டமின் சி 108 மில்லிகிராம் என்று இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையிலோ புரதம் 9.4 கிராம், கால்சியம் 185, வைட்டமின் சி ஏறக்குறைய 52. இரண்டுமே முருங்கை இலைதான். மண், பருவம், இலையின் வயது, பறித்ததற்கும் சோதித்ததற்கும் இடைப்பட்ட நேரம் எல்லாம் சேர்ந்துதான் எண்ணைத் தீர்மானிக்கின்றன. முருங்கை என்று பெயர் இருந்தாலே சத்து வந்துவிடும் என்று எண்ணி ஏனோதானோவென்று வளர்ப்பது, வாங்கிச் சாப்பிடுகிறவருக்குச் செய்கிற துரோகம் என்றே நினைக்கிறேன்.

விதையில் தொடங்குவோம். கிளையை வெட்டி நட்டாலும் முருங்கை வரும். வீட்டுக் கொல்லைக்கு அது போதும். வெட்டு வெட்டாக ஆண்டு முழுவதும் இலை எடுக்க வேண்டுமென்றால் விதையிலிருந்து வந்த செடிதான் வேண்டும். அதற்குத்தான் கிழங்கு போலப் பருத்த ஆணிவேர் இறங்கும். மறுதுளிருக்கான சேமிப்பு அந்த வேரில்தான் இருக்கிறது. நான் போட்டிருப்பது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகம். துளிர் வேகம் இதற்கு அதிகம். விதை புதிதாக இருக்க வேண்டும். முதல் ஆண்டு ஒரு கடையில் வாங்கிய விதை பார்வைக்கு நன்றாக இருந்தது. மூன்றில் ஒன்றுதான் முளைத்தது. அன்றிலிருந்து எவ்வளவு நம்பிக்கையான இடத்தில் வாங்கினாலும், 20 விதையை ஈரச் சாக்கில் சுருட்டிவைத்து முளைப்புப் பார்க்காமல் நிலத்தில் போடுவதில்லை. 15 முளைத்தால் விதைப்பேன்.

இடைவெளி பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். கீரைப் பாத்தி போல அரை அடிக்கு ஒன்றாக நெருக்கி நடுவோரும் உண்டு. முதல் இரண்டு வெட்டில் அது மலைபோல இலை தரும். அப்புறம் காற்றோட்டம் இல்லாமல் அடியிலை மஞ்சளாகும், மெலிந்தவை சாகும், உள்ளே போய்க் களையெடுக்கவும் முடியாது. நான் வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுகிறேன். அரை ஏக்கருக்கு 4,800 செடிகளுக்குச் சற்று மேல் வரும். குழிக்கு இரண்டு விதை போட்டால் 3 கிலோ விதை பிடிக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் பத்து நாளுக்குள் முளை தெரியும். ஒரு சாண் உயரத்தில் நல்ல செடி ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் பக்கம் புரட்டாசியில் விதைப்பவர்கள் உண்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் இளஞ்செடியின் தூர் அழுகிவிடும் என்பதால் நான் மாசியில் விதைக்கிறேன். சொட்டுநீர் இருக்கிறது, வெயில் ஏற ஏறச் செடியும் வேகமாக வளரும், மழை வரும்போது தூர் முற்றியிருக்கும். நிலத்தை மேட்டுப்பாத்தியாக எடுத்திருக்கிறேன். முருங்கை வறட்சியைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. தாங்கும் என்பதற்காகக் காயவிடவும் கூடாது. மண் காய்ந்துபோனால் இலையைக் கொட்டிவிட்டுப் பூவெடுக்கத் தொடங்கிவிடும். கோடையில் மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுகிறேன்; மற்ற நாளில் மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்து விடுகிறேன்.

இங்கே இன்னொரு தொல்லை ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, துளிரை முறுக்கி ஒடித்துவிடும். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று கேட்கிற மரம் அல்லவா, இளங்கொம்பு இன்னும் மெத்து. மேற்கு ஓரத்தில் கிளுவை வேலியைத் தட்டையாக வெட்டாமல் ஓங்க விட்டிருக்கிறேன். செடியை உயரவிடாமல் வைத்திருப்பதும் காற்றுக்கு நல்லது.

இப்போது எரு. இதில்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முருங்கைக்கு எருவே வேண்டாம் என்ற பேச்சு காட்டையே கெடுத்துவிடுகிறது. வீட்டுப் பின்னால் ஒரு மரம் நின்றால் வேண்டாம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் இலையில் 6.4 கிராம் புரதம் என்றால், ஒரு டன் இலையில் 64 கிலோ. புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். ஆக, ஒரு டன் இலையைக் காட்டைவிட்டு ஏற்றி அனுப்புகிறபோது 10 கிலோ தழைச்சத்தையும் 3 கிலோவுக்கு மேல் கால்சியத்தையும் கூடவே ஏற்றி அனுப்புகிறோம். என் அரை ஏக்கரில் நல்ல வெட்டு ஒன்றுக்குக் காம்போடு 900 கிலோ முதல் ஒரு டன் வரை வருகிறது. ஆண்டுக்கு ஏழு வெட்டு. அவ்வளவையும் எடுத்துக்கொண்டு மண்ணுக்கு ஒன்றும் தராவிட்டால் இரண்டாம் ஆண்டிலேயே இலை சிறுத்துவிடும்.

அடியுரமாக இரண்டு டிப்பர் மக்கிய தொழுவுரம் போட்டேன். ஒவ்வொரு வெட்டு முடிந்த மறுநாளும் 300 கிலோ மண்புழு உரமும் 50 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் வரிசையோரம் கொத்தி மூடுகிறோம். இலை உருவிய குச்சிகளை ஆட்டுக்குப் போட்டதுபோக மீதியைத் துண்டாக்கி வரிசைக்கு நடுவில் மூடாக்காகப் பரப்புகிறோம். மழைக்காலத்தில் இடையில் தட்டைப்பயறு விதைத்து, பூக்கும் நேரத்தில் அறுத்து அங்கேயே போடுகிறோம். மாதம் இருமுறை சொட்டுநீரில் வடிகட்டிய ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம், பயற்று மாவு கலந்து புளிக்கவைத்த கரைசல்) போகிறது. யூரியாவை அள்ளிப் போட்டால் பத்தே நாளில் இலை கருகருவென்று அகலமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இலை நீர் கோத்து மெத்தென்று இருக்கும், உலர்த்தினால் எடை நிற்காது, புழுவும் அதைத்தான் தேடி வரும்.

எங்கள் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். கால்சியத்துக்குக் குறைவில்லை, ஆனால் மண்ணில் உள்ள இரும்பு வேருக்குக் கிடைக்காமல் கட்டிப்போய்விடும். அதற்கு அடையாளம்: இளம் இலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு அல்லது தண்ணீர்க் கோளாறு; நுனியிலை வெளிறினால் இரும்பு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கலந்து, வெட்டிய பிறகு துளிர் ஒரு சாண் வந்ததும் மாலை வேளையில் தெளிக்கிறேன். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. மண் பரிசோதனை செய்யாமல் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் செய்ய வேண்டியதில்லை.

வெட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், அதை விவரமாகச் சொல்கிறேன். செடி இரண்டு, இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அந்த உயரம் வரும். பக்கக் கிளைகள் நான்கைந்து எழும். அவை வளர்ந்ததும் தரையிலிருந்து ஒன்றரை அடியில் முதல் வெட்டு. அதன்பின் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும். அரிவாளால் இழுத்து அறுத்தால் பட்டை கிழிந்து தொங்கும். கிழிந்த இடத்தில் மழை ஈரம் இறங்கி அழுகும். கவாத்துக் கத்திரியை வைத்து, கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டுங்கள். கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள வெட்டுவாயில் பசுஞ்சாணியை அப்பிவிடுகிறோம். ஐந்தாவது நாள் குனிந்து பார்த்தால், கணுவின் அடியில் கடுகளவு பச்சை முட்டிக்கொண்டு நிற்கும். பத்தாவது நாள் அது கோழிக்குஞ்சின் இறகு போல விரியும். அதைப் பார்க்கிற மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டுவது? வெயில் காலத்தில் 35 முதல் 40 நாள். மார்கழி, தையில் பனி இருப்பதால் 50, 55 நாள்கூட ஆகும். மிக இளசாக வெட்டினால் புரதம் நன்றாக இருக்கும், எடை இருக்காது, கால்சியமும் ஏறியிருக்காது; கால்சியம் முற்றிய இலையில்தான் சேரும். அதிகம் முற்றவிட்டால் நார் ஏறும், கசக்கும், அடியிலை பழுத்து உதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. கிளையின் அடியிலை இன்னும் பழுக்கவில்லை, நுனியில் மொட்டு எழவில்லை, நடுக்காம்பை வளைத்தால் சட்டென்று ஒடிகிறது. அதுதான் நாள். சாளையின் (காட்டில் உள்ள கொட்டகை) சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொரு வெட்டையும் சிவப்பு மையில் குறிக்கிறேன். மாசி, பங்குனியில் மொட்டு முந்திக்கொள்ளும். அப்போது நாளைப் பார்க்காமல் மொட்டைப் பார்த்து வெட்ட வேண்டும்.

பூச்சி வரும். இலைப்புழு இலையைச் சுரண்டித் தின்று, சவ்வை மட்டும் கண்ணாடித் தாள் போல விட்டுவைக்கும். மழைக்காலத்தில் கம்பளிப் பூச்சி பகலில் தூரில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கும்பலாக இருக்கும்போதே குச்சியால் தள்ளிச் சோப்புத் தண்ணீர் வாளியில் விழவைப்பது எல்லா மருந்தையும்விட மேல். மயிர் பட்டால் அரிப்பெடுக்கும் என்பதால் கையுறை வேண்டும். இலைப்புழுவுக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துத் தெளிக்கிறேன். வெட்டுக்குப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுவேன். இரசாயன மருந்து இந்தக் காட்டுக்குள் வரவே கூடாது. காயில் தோலையாவது சீவுகிறோம். இலையை அப்படியே சாப்பிடுகிறோம், அதுவும் பச்சிளம் குழந்தையின் தாய்க்குப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் பாதிதான். மீதிப் பாதி வெட்டிய பின் நாலைந்து மணி நேரத்தில் நடக்கிறது. நான் இதை நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். இரண்டாம் ஆண்டு ஒரு வைகாசியில் வெட்டிய இலையை ஆறு சாக்கில் திணித்து, வண்டி வரத் தாமதமானதால் சாளையில் அடுக்கி வைத்திருந்தேன். மதியம் ஒரு சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். நெல் அவித்த அண்டாவில் கை வைத்தது போலச் சூடு. மேலே பச்சையாக இருந்த இலை நடுவில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, ஊறிய வைக்கோல் வாடை அடித்தது. பறித்த இலையும் மூச்சுவிடுகிறது; நெருக்கி அடைத்தால் அந்த மூச்சே அதைப் புழுக்கிவிடும். வாங்க வந்தவர் ஒரு சாக்கைக்கூட எடுக்கவில்லை. அவர் செய்தது சரி. நாற்பது நாள் உழைப்பில் சேர்ந்த சத்து, அரை நாள் சாக்கில் போயிற்று.

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறோம். பனி உலர்ந்த உடனே வெட்டத் தொடங்கி ஒன்பது மணிக்குள் நிறுத்திவிடுகிறோம். ஒரு நாளில் உலர்த்தட்டு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் வெட்டு. அரை ஏக்கரை ஐந்தாறு நாளுக்குப் பிரித்துக்கொள்கிறோம். வெட்டிய கிளை வெயிலில் கிடக்காது, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடையில் தளர்வாக நின்றபடி நிழலுக்கு வரும். வீட்டில் கொத்தைத் துணியில் சுற்றி இரவு வைத்தால் காலையில் இலை தானாக உதிர்ந்துவிடும், நம் அம்மாக்களின் வழக்கம் அது. ஒரு வேளைச் சமையலுக்கு அது சரி. தூளுக்கு அந்த இலை ஆகாது, நிறம் மங்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் அன்றே உருவுகிறோம்.

முதலில் நல்ல தண்ணீரில் ஒரு அலசல். அடுத்து லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்புப் போட்ட தண்ணீரில் மூன்று, நான்கு நிமிடம். மீண்டும் நல்ல தண்ணீர். தண்ணீர் வடிந்ததும் வலைத் தட்டில் இலை மேல் இலை படாமல் மெல்லப் பரப்ப வேண்டும். வெயிலில் போடவே கூடாது. வைட்டமின் ஏ ஆக மாறுகிற மஞ்சள் சத்தும் வைட்டமின் சி-யும் வெளிச்சத்திலும் சூட்டிலும் அழிகின்றன. காற்றாடி ஓடுகிற நிழல் அறையில் கோடையில் மூன்று நாள் போதும். மழைக்காலத்தில் நிழலில் மட்டும் நம்பினால் பூசணம் பிடிக்கும். அப்போது சூரிய உலர்த்தியில் 50 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்து உலர்த்துகிறேன். பதம் இதுதான்: ஒரு பிடி எடுத்துக் கசக்கினால் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது, நிறம் பச்சையாகவே நிற்க வேண்டும். காம்போடு வெட்டிய இலை 8 முதல் 10 கிலோ போனால் ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. காற்றும் வெளிச்சமும் புகாத பையில் அடைத்து, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பழுப்பேறிய தூளை நான் விற்பதில்லை, அது மறுபடி எருக்குழிக்குப் போகும்.

அடுப்பு வரைக்கும் இந்தக் கவனம் தொடர வேண்டும். இலையைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து நீரை வடித்துவிட்டால் காட்டில் பட்ட பாடெல்லாம் சாக்கடைக்குப் போகும். பருப்பு வெந்த பிறகு இலையைப் போட்டு மூடி, நான்கைந்து நிமிடத்தில் இறக்குங்கள். கொஞ்சம் தேங்காயோ எண்ணெயோ சேர்ந்தால் மஞ்சள் சத்து உடம்பில் நன்றாகப் பிடிக்கும். இறக்கிய பின் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு பிடிக்கும். சாப்பிட்ட உடனே தேநீர் வேண்டாம்.

காடு இல்லாதவர்கள் மாடியிலும் செய்யலாம். இரண்டடி ஆழமுள்ள பையில் செம்மண், மணல், மக்கிய எரு கலந்து மூன்று செடி வையுங்கள். ஒன்றரை அடியில் வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். ஐந்தாறு பை இருந்தால் ஒரு வீட்டுக்கு வாரம் ஒருமுறை கீரை உண்டு.

நான்காம் ஆண்டில் செடிகள் அங்கங்கே பட்டுப்போகும். இடைவெளியை நிரப்ப வடக்கு மூலையில் எட்டுச் செடிகளை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன். அவற்றின் நெற்று காய்ந்து வெடிக்கிற பதத்தில் பறித்து, விதையை எடுத்து, நிழலில் ஆறவைத்து, மூடிய மண்பானையில் சாம்பலோடு கலந்து வைக்கிறேன். அடுத்த மாசிக்கு அந்த விதைதான். இந்த ஆண்டு எட்டில் இரண்டு செடிகளின் துளிர் மற்றவற்றைவிட மூன்று நாள் முந்தி வருவதைக் கவனித்தேன். அவற்றின் நெற்றில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.